‘கன்னடம் வரவில்லை’ என்றே மூன்று வருடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் ஓர் அரசுக் கன்னட வழிப் பள்ளி. நான்காம் வகுப்பில் ஒரு பையன், வீட்டில் தமிழ் பேசுகிறவன். அவன் ஏன் படிப்பில் பின்தங்கியிருக்கிறான் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து யார் கேட்டாலும் பள்ளியில் கிடைத்த பதில் ஒன்றுதான்: தமிழ்ப் பையன், கன்னடம் வரவில்லை. உண்மையில் அவனுக்கு இரண்டு காதுமே சரியாகக் கேட்கவில்லை. அது வெளியே வருவதற்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது, வந்ததும்கூட எந்தக் கருவியாலும் இல்லை, அம்மாவை உட்காரவைத்துத் தமிழில் நிதானமாகப் பேசியதால் வந்தது.

நான் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். தமிழ் தெரியும் என்பதாலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார்கள். ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன், ஈஜிபுரா, லிங்கராஜபுரம் என்று தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் இதே பதிலைப் பல முறை கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு பையனின் விஷயத்தை முழுசாக எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

வீடும் வகுப்பும்

அப்பா பெயின்டர். அம்மா அப்பார்ட்மென்ட்டுகளில் வீட்டு வேலை செய்கிறார். அப்பாவின் அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இவர்களோடு இருக்கிறார். தம்பிக்கு ஓர் அக்கா, அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. இந்த அக்காவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘நலி கலி’ என்ற முறை. மைசூரு மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில் 1995-இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் குழுக் குழுவாகத் தரையில் உட்கார்ந்து, படம் போட்ட அட்டைகளை வைத்து, பாட்டும் விளையாட்டுமாக அவரவர் வேகத்தில் கற்றுக்கொள்வார்கள். நல்ல முறை, எனக்குப் பிடித்த முறை. ஆனால் காது கேட்காத பையன் ஒளிந்துகொள்ளவும் அந்த அறையில் இடம் இருக்கிறது. பக்கத்துப் பையன் எந்த அட்டையை எடுக்கிறானோ அதை எடுக்கலாம், எல்லோரும் எழுந்தால் எழலாம், பாட்டுக்கு வாயசைக்கலாம். தம்பி மூன்று வருடமும் இதைத்தான் செய்திருக்கிறான், அதுவும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக. எழுத்து அழகு, படம் வரைவது அதைவிட அழகு.

நான்காம் வகுப்பில் பெஞ்சு, கரும்பலகை, டீச்சர் பேசப் பேசக் கேட்டு எழுத வேண்டிய பாடங்கள். உயரமான பையன் என்று கடைசி பெஞ்சில் போட்டார்கள். அங்கே எல்லாம் நின்றுபோனது. தேர்வுத் தாளில் கேள்வியையே திருப்பி எழுதி வைத்தான். வகுப்பில் பேசுவது இல்லை. அரையாண்டுக்கு முன்பே பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டு, பாட்டியோடு ஊருக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே தமிழ்ப் பள்ளியில் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஒருவர், வீட்டில் இனிமேல் கன்னடம் மட்டுமே பேசுங்கள் என்றார். அம்மாவுக்குத் தெரிந்த கன்னடம் மார்க்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் போதும், பிள்ளையோடு கதை பேச எப்படிப் போதும்? அதனால் என்ன நடந்தது என்றால், தமிழில் பேசினால் தப்பு என்று பயந்து அவர் மகனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். அது ஒரு வீட்டில் இவ்வளவு சேதம் செய்யும் என்று சொன்னவருக்கே தெரிந்திருக்காது.

எப்படிப் பிடிபட்டது

வகுப்பு டீச்சர் தம்பியின் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். கன்னட டிக்டேஷன் நோட்டை அக்காவின் பழைய நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கன்னடம் எழுதும்போது செய்யும் தப்புகள் நமக்குத் தெரிந்தவை. நம் எழுத்தில் க ஒன்றுதான், அங்கே நான்கு. அக்காவும் இரண்டாம் வகுப்பில் அந்த நான்கையும் மாற்றி மாற்றித்தான் எழுதியிருந்தாள், மூன்றாம் வகுப்பில் சரியாகிவிட்டது. தம்பியின் தப்புகள் அந்த ரகம் இல்லை. சொல்லின் கடைசி அசை பல இடங்களில் இல்லவே இல்லை. ப இருக்க வேண்டிய இடத்தில் க, த இருக்க வேண்டிய இடத்தில் ப. பார்த்து எழுதிய பக்கங்களில் ஒரு தப்புகூடக் கிடையாது. கேட்டு எழுதிய பக்கங்கள் மட்டும் சிவப்பு மை.

ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே தமிழ். அக்கா இரண்டே வருடத்தில் தெருப் பிள்ளைகளோடு கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள். அப்படியென்றால் தம்பியின் நிலைக்கு வீட்டு மொழி எப்படிக் காரணமாகும்? இந்தக் கேள்வியை ஒன்றாம் வகுப்பிலேயே யாராவது கேட்டிருந்தால் போதும்.

மதியம் வேலை முடித்து அம்மா வந்தபோது பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து பேசினோம். ‘வீட்டில் எப்படி இருப்பான்’ என்று பொதுவாகக் கேட்டால் எந்த அம்மாவும் ‘நல்லா இருப்பான்’ என்றுதான் சொல்வார். அதனால் சின்னச் சின்ன விஷயங்களாகக் கேட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவானா?

“மூஞ்சியப் பாத்துச் சொன்னா எல்லாம் செய்வான் மேடம். முதுகு காட்டி நின்னான்னா நாலு தடவ கத்தணும். பாய எடுடான்னா காய்க் கூடைய எடுத்துட்டு வந்து நிப்பான், அவங்க அக்கா சிரிப்பா.”

டிவி? “சத்தமாத்தான் வெப்பான். பக்கத்து வீட்டுல திட்டுவாங்க.”

காதில் எப்போதாவது வலி, சீழ்? “அது சின்னதுல இருந்தே வரும் மேடம், சளி புடிச்சா வரும், அப்புறம் நின்னுடும். அத்த எண்ணெய் காச்சி விடுவாங்க.”

பாயும் காயும் தமிழ்ச் சொற்கள். வீட்டுக்குள், சொந்த மொழியில், பெற்ற தாயின் குரலிலேயே அவனுக்கு ப எது க எது என்று தெரியவில்லை. மொழி வேறு என்பது மட்டும் பிரச்சினையாக இருந்தால் அது பள்ளியில் மட்டும் தெரியும், வீட்டுத் தமிழில் பிள்ளை வயசுக்கேற்ற மாதிரி கேட்பான், பேசுவான். குறைபாடு என்றால் இரண்டு மொழியிலும் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்க முதலில் வீட்டு மொழியில் விசாரித்தாக வேண்டும், அதற்கு அம்மாவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஒன்றிய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்சிஇஆர்டி, குறைபாடுகளைக் கண்டறிய 2022-இல் வெளியிட்ட ‘பிரஷஸ்த்’ சரிபார்ப்புப் பட்டியல் வகுப்பாசிரியர் குழந்தையைக் கவனித்து நிரப்புவதற்கானது, பயனுள்ளது. ஆனால் கன்னடம் மட்டும் தெரிந்த டீச்சர் தமிழ்ப் பையனைப் பார்த்து அதை நிரப்பினால், ‘சொன்னதைப் புரிந்துகொள்வதில்லை’ என்ற ஒரு டிக் மார்க் மூன்று வேறு காரணங்களைக் காட்டலாம்.

ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 30 நோய்ப் பட்டியலில் காது கேளாமையும் உண்டு, நடுக்காது அழற்சியும் உண்டு. அந்தக் குழு வந்த அன்று தம்பி லீவு. காது வலி என்று வீட்டில் படுத்திருந்தான்.

ஆஸ்பத்திரியும் அட்டையும்

அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டு, காது மூக்கு தொண்டை டாக்டர், பிறகு கேட்புச் சோதனைக்குத் தனியாக இன்னொரு தேதி. ஒவ்வொன்றும் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம். டாக்டர் பார்த்ததும் சொன்னார், இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை, ரொம்ப நாளாக வந்து போகும் சீழால் ஆனது. கேட்புச் சோதனை அறிக்கையான ஆடியோகிராமில் வலது காதில் 48 டெசிபெல் இழப்பு, இடது காதில் 52.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கு விளக்கியதை இங்கேயும் சொல்கிறேன். தோராயமாக அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் சத்தம் அவன் காதில் விழாது. ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் சத்தம் தோராயமாக 60 டெசிபெல். தூரம் இரண்டு மடங்காக ஆக ஆக, திறந்த வெளியில் 6 டெசிபெல் குறையும். இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48. வகுப்பில் சுவர் எதிரொலி கொஞ்சம் சேர்த்துக்கொடுக்கும், கூடவே ஃபேன் சத்தத்தையும் பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும் சேர்த்துக் கொடுக்கும். சமையல்கட்டில் அம்மா பக்கத்தில் நிற்கும்போது பாதியாவது கேட்ட பையனுக்குக் கடைசி பெஞ்சில் ஏதோ முணுமுணுப்பு மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும். ‘வேணும்போது கேக்குது, வேணாம்போது கேக்கல’ என்று அப்பா அவனை அடித்திருக்கிறார். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

அடுத்து வந்தது சான்றிதழ் பிரச்சினை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. அதில் ‘கேட்புக் குறைவு’ என்பதற்கு எழுதியிருக்கும் அளவு, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழப்பு. அதற்கு மேல் போனால் காது கேளாமை. தம்பி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை இல்லை. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இல்லாததால் ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் இலவசக் காது மெஷினும் இல்லை. ஒன்பது வயசுப் பையன் பாடம் கேட்க முடியாமல் உட்கார்ந்திருக்க இந்த இழப்பு தாராளமாகப் போதும், ஆனால் அட்டைக்குப் போதாது. இந்த அளவுகோலை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படிக்கிற பிள்ளைக்கு வேறு அளவு வேண்டும், குறிப்பாக இரண்டாவது மொழியில் படிக்கிற பிள்ளைக்கு. தெரிந்த மொழி என்றால் காதில் விழாத பாதியை மனசு ஊகித்து நிரப்பிக்கொள்ளும். தெரியாத மொழியில் எதை வைத்து ஊகிப்பான்?

அட்டை இல்லையென்றால் பள்ளியில் எதுவும் செய்ய முடியாது என்று தலைமையாசிரியர் நினைத்திருந்தார். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆகவே இதை நிறுத்திப் படியுங்கள். 40 சதவீதம் என்ற நிபந்தனை அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் வருகிறது, அது 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி பற்றியது. பள்ளியின் கடமைகளைச் சொல்வது 16-ஆம் பிரிவு: பாகுபாடு இல்லாமல் சேர்ப்பது, தேவைக்கேற்ற வசதி செய்துகொடுப்பது, தனிப்பட்ட உதவி தருவது, முன்னேற்றத்தைக் கவனிப்பது. அந்தப் பிரிவில் 40 என்ற எண்ணே கிடையாது. இடம் மாற்றி உட்காரவைக்கவும் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் இருக்கவும் எந்த அட்டையும் தேவையில்லை. ஆடியோகிராமை வைத்தே வட்டார வள மையத்தில் பேசினோம், அங்கிருக்கும் ‘பிஐஇஆர்டி’, அதாவது வட்டாரப் பள்ளிகளில் சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு உதவும் ஆசிரியர், வந்து பார்த்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்ற கணக்கு இருக்கிறது. அதில் எது கிடைக்க வேண்டுமானாலும் முதலில் பட்டியலில் பெயர் ஏற வேண்டும்.

அந்த ஆசிரியர் நல்லவர், ஓய்வே இல்லாதவர், வட்டாரத்தில் எத்தனையோ பள்ளிகளுக்கு ஓட வேண்டியவர். தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் சொல்லிவிட்டது. வகுப்பறையில் நின்று பார்த்தால் அந்த விகிதம் எங்கேயோ இருக்கிறது.

மெஷினுக்கு அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரர் ஒருவர் பாதிப் பணம் கொடுத்தார், மீதியை அப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினார். இப்படி நடந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்த வீட்டுக்காரர் நல்ல மனசுக்காரர் என்பதால் ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது, அவ்வளவுதான்.

பாட்டி, திரி, பேட்டரி

சீழ் நிற்காமல் மெஷின் மாட்ட முடியாது. காதை அடைக்கும் அச்சு உள்ளே ஈரத்தைத் தேக்கிவிடும். ஆகவே சொட்டு மருந்தும் காதை உலர வைப்பதும்தான் முதல் வேலை, அதற்குத் தடையாக இருந்தது பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். பாட்டி ஒன்றும் அறியாமையில் பிடிவாதம் பிடிப்பவர் இல்லை. “மூணு புள்ளைங்களுக்கும் இதத்தான் ஊத்துனேன் கண்ணு, யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டை விழுந்த காதுக்குள் எண்ணெய் போனால் நடுக்காதுக்கே போய்விடும் என்பதை டாக்டர் வாயால் சொல்லவைத்தோம். ஆனால் ‘செய்யாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் அவருக்கு என்ன வேலை? அங்கே நர்ஸ் ஒருவர், பஞ்சைத் திரித்து மெதுவாகக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து, காய்ந்த திரி வரும்வரை மாற்றும் முறையைக் காட்டினார். பாட்டி அதைப் பார்த்துவிட்டு பஞ்சைக் கையில் வாங்கி, நர்ஸ் செய்ததைவிட மெல்லிசாகவும் கெட்டியாகவும் ஒன்றைத் திரித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட்டே பழகிய கை. அன்றிலிருந்து மருந்து விடுவதும் காதை உலர்த்துவதும் பாட்டி பொறுப்பு, அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. குச்சி, பட்ஸ் எதுவும் காதுக்குள் போகக் கூடாது என்பதையும் இப்போது அவர்தான் தெருவில் மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

அப்பாவின் தயக்கம் வேறு மாதிரி. மெஷின் மாட்டினால் ஏரியாவில் பையனுக்கு ‘செவிடன்’ என்று பெயர் வந்துவிடும் என்றார். விளக்கத்தால் அது போகவில்லை. மெஷின் பொருத்திப் பார்த்த நாளில் அறையின் மறுகோடியில் நின்று, வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு அவரே மகனைக் கூப்பிட்டார், தம்பி திரும்பினான். அதோடு சரி.

தினமும் காலையில் அம்மா ஒரு சோதனை செய்கிறார். ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளை வாயை மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். லிங் சோதனை என்று பெயர். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கன்னடம் தெரிய வேண்டாம், படித்திருக்க வேண்டாம். பள்ளியில் முதல் மணியில் அதையே டீச்சர் செய்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லாதபோது இந்த ஆறு ஒலிதான் அவர்களுக்கு நடுவில் ஓடும் தகவல். ஸ் வரவில்லை என்றால் அம்மா நோட்டில் ஸ் போட்டு ஒரு பெருக்கல் குறி, டீச்சர் புரிந்துகொள்வார்.

பேட்டரி விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தம்பியின் மெஷினுக்கு 13-ஆம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியது. அந்த ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும், மறுபடி ஒட்டினாலும் நிற்காது. ஒரு பேட்டரி ஒன்று முதல் இரண்டு வாரம் வரும். வாங்கிய முதல் அட்டையில் அக்கா எல்லா ஸ்டிக்கரையும் உரித்துத் தன் நோட்டு அட்டையில் பூவாக ஒட்டிவிட்டாள். அத்தனையும் டப்பாவிலேயே தீர்ந்துபோனது. பாவம், அழுதுவிட்டாள். இதையெல்லாம் மெஷின் கொடுக்கும் நாளிலேயே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினால் போதாது.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னதைத் திரும்பப் பெறவைத்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குறைபாடு வருவதில்லை, வீட்டு மொழியை நிறுத்துவதால் பள்ளி மொழி வேகமாக வருவதும் இல்லை. கேட்புக் குறைவுள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்றுக்கொள்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், பாத்திரம் கழுவும்போது, வெங்காயம் உரிக்கும்போது, அவன் முகத்தைப் பார்த்து நிறையப் பேசுங்கள், தமிழிலேயே. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

இப்போது

வகுப்பில் செய்த மாற்றங்கள் சாதாரணமானவை. முதல் வரிசை, ஜன்னலுக்கு முதுகு காட்டி, டீச்சர் முகத்தில் வெளிச்சம் விழும்படி, கொஞ்சம் நன்றாகக் கேட்கும் வலது காது டீச்சர் பக்கம். எழுதிவிட்டுத் திரும்பிப் பேசுவது. வேறு பையன் சொன்ன பதிலை டீச்சர் ஒரு முறை திருப்பிச் சொல்வது. டிக்டேஷனுக்கு முன்னால் அந்த வாரச் சொற்களை வீட்டுக்கு எழுதி அனுப்புவது, அக்கா அதைத் தமிழில் விளக்கிவிடுவாள். வருட முடிவில் அவன் கன்னட வாக்கியங்களைக் கேட்டு எழுதினான், பாதிக்கு மேல் சரி. கணக்கில் வகுப்புக்கு இணையாக வந்துவிட்டான். சத்தமாகச் சண்டை போடுகிறான் என்று டீச்சர் புகார் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி சரியாக நடக்கவில்லை. கிடைக்கும் நேரம் அம்மாவின் வேலை நேரம், தமிழ் தெரிந்த பயிற்சியாளர் இருக்கும் இடம் இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். மழைக்காலத்தில் சளி பிடித்து ஒரு காதில் மறுபடி சீழ் வந்தது, அந்த நாட்களில் மெஷினைக் கழற்றி வைத்திருந்தோம், படிப்பு தடுமாறியது. செவிப்பறை ஆபரேஷன் பற்றி, காது தொடர்ந்து உலர்ந்திருந்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பயம், பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாம் வகுப்புக்கு வேறு டீச்சர். பள்ளி திறக்கும் முன்பே அம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைல் தயார் செய்துவிட்டார்: ஆடியோகிராம், மருந்துச் சீட்டு, பிஐஇஆர்டி எழுதிய குறிப்பு, எங்கே உட்காரவைக்க வேண்டும் என்று பழைய டீச்சர் கன்னடத்தில் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், உரிக்காத பேட்டரி அட்டை ஒன்று. என்னைக் கூட வரச் சொல்லவில்லை. “நானே பேசிக்கிறேன் மேடம், வரலன்னா போன் போடறேன்” என்றார்.